முன்பல்லில் ஒரு கோடு

கெங்கவல்லிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டு முடித்திருந்தோம். தண்ணீர் நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில் தோட்டக்காரர் ஒரு கூடை கொய்யாக்காய் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை எடுத்து முன்பல்லால் கடித்தேன். வாய்க்குள் ஏதோ நறுக்கென்றது. துப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் மீன் செதில் போல ஒரு வெள்ளைச் சில்லு.

நான் இருபத்திரண்டு வருடம் ரிக் வண்டியில் (ஆழ்துளைக் கிணறு போடும் லாரி) டிரில்லராக இருந்தவன். குழிக்குள்ளிருந்து காற்றோடு பறந்து வரும் கல் துகளைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தே, கீழே என்ன பாறை ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அன்று கையில் இருந்த சில்லு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ கல் என்று எறிந்துவிட்டேன். பிறகு நாக்கு தானாகப் போய் மேல் பல்லைத் தடவியது. நுனியில் ஒரு மூலை இல்லை.

வலி இல்லை. வலி இல்லாததால்தான் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பல்லின் ஓரம் கண்ணாடி போல மெலிந்து, வெளிச்சம் ஊடுருவுவது போலத் தெரிந்தால், வலிக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். அதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு விஷயங்களும் கூடவே வந்துவிட்டன.

என் பற்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. வண்டியில் நாங்கள் எட்டுப் பேர். சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் மாதக்கணக்கில் கிடப்போம். சோடா மூடியை நான்தான் பல்லால் திறந்து கொடுப்பேன். நைலான் கயிற்றில் முடிச்சு இறுகிவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கரும்புக் காட்டு ஓரம் வண்டி நின்றால் ஆளுக்கு ஒரு கழி ஒடித்துக்கொண்டு உட்காருவோம். மற்றவர்கள் முதல் கணு தாண்டுவதற்குள் நான் பாதிக் கழியை உரித்துத் தின்றிருப்பேன். சாறு முழங்கை வரை வழியும். கம்ப்ரசர் நின்ற பிறகும் காதுக்குள் அதன் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலோடு கரும்பைக் கடித்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

தண்ணீர் வரும்வரை போர்க்குழியிலிருந்து வருவது வெறும் புழுதி. வெள்ளையாக, பனிமூட்டம் போல எழும்பி வண்டியையே மறைத்துவிடும். துண்டை வாயில் கட்டியிருந்தாலும் பற்களுக்கு நடுவே நறநறவென்று இருக்கும். அந்த நறநறப்போடுதான் பேசினோம், சிரித்தோம், தின்றோம். தொண்டை காய்ந்தால் கறுப்புக் கலர் (கோலா போன்ற குளிர்பானம்) ஒரு பாட்டில். வெயிலில் அதுதான் இறங்கும். நாளைக்கு மூன்று, நான்கு. வேலை முடிந்ததும் புழுதி போகட்டும் என்று கெட்டி பிரஷ் போட்டுப் பல்லை அழுத்தித் தேய்ப்பேன். சுத்தமாக இருக்கிறேன் என்று நினைத்தேன்.

கொய்யாக்காய்க்குப் பிறகு ஒவ்வொன்றாக விட்டுப்போயின. முதலில் குளிர்ந்த தண்ணீர். பிறகு புளிப்பு. கார்த்திகை மார்கழியில் பைக்கில் போகும்போது காற்று பட்டாலே முன்பல்லில் சுரீரென்று ஏறும். உதட்டை இறுக்கிக்கொண்டுதான் ஓட்டுவேன். இரண்டு வருடத்தில் மேல் முன்பற்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. நடுவில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தது. பேசினால் ‘ச’வும் ‘ஸ’வும் விசில் அடித்தன. போனில் முதலாளி, “என்னப்பா, காத்து அடிக்குதா அங்க?” என்று கேட்டார். அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ரிக் வேலையையும் விட்டுவிட்டு நாமக்கல் பக்கம் வீட்டோடு வந்து சேர்ந்தேன். கேட்டவர்களிடம் முதுகுவலி என்று சொன்னேன்.

என் மனைவி பூங்கொடிதான் விடவில்லை. ஒரு மத்தியானம் நான் சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது தட்டை இழுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இருவது வருசமா போன்லயே குடும்பம் நடத்துனீங்க. ஊட்டுக்கு வந்ததுக்கு அப்பறமாச்சும் பேசுவீங்கன்னு பாத்தா வாயே தொறக்கறதில்ல. தூங்கறப்ப மட்டும் பல்ல நறநறன்னு கடிக்கறீங்க. பக்கத்துல படுத்திருக்கறவளுக்குத்தான் தெரியும்.”

“வயசாவுதில்ல பூங்கொடி.”

“நாப்பத்தாறு ஒரு வயசாங்க? நாளைக்குச் சேலம் போறோம்.”

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையைத் தாண்டி ஒரு பல் மருத்துவமனை. மாடிப்படி ஏறியதும் நீளமான நடை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கன்னத்தில் கைவைத்தபடி ஆட்கள். உள்ளேயிருந்து சன்னமாக ஒரு மிஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. எங்கள் கம்ப்ரசரின் சத்தத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் படிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

டாக்டர் முப்பத்தைந்து வயது இருக்கும் பெண். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். வாய்க்குள் விடும் சிறு கண்ணாடியை ஒவ்வொரு பல்லாகத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். என்ன குடிப்பேன், எப்போது பல் தேய்ப்பேன், எவ்வளவு தண்ணீர் குடிப்பேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் என் ரிக் வாழ்க்கை முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சொத்தை இல்லண்ணா. இது எனாமல் தேய்மானம்,” என்றார்.

எனாமல் (பல்லுக்கு மேலே இருக்கும் வெள்ளை ஓடு) உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள் என்றார். எலும்பைவிடக் கடினம். நான் சந்தோஷப்படத் தொடங்கும்போதே அடுத்ததைச் சொன்னார்.

“ஆனா நீங்க கடிச்சுட்டிருந்தது எதை? குழியிலிருந்து வர்ற தூள்ல வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) இருக்குமில்ல?”

“இருக்குங்க. கருங்கல்லுல பாதி அதுதானுங்களே.”

“அது எனாமலைவிடக் கெட்டி. நீங்க உப்புத்தாள் போட்டுப் பல்லைத் தேய்ச்சுக்கிட்டிருந்திருக்கீங்க.”

எந்தப் பாறைக்கு எந்த பிட் (துளைக்கும் முனை) போட வேண்டும், எது எதை அறுக்கும் என்பது என் தொழில். வெங்கச்சாங்கல் வந்தால் பிட் தேய்ந்துவிடும் என்று முகம் சுளித்தவன் நான். அதே தூள் என் வாய்க்குள் என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

புழுதி மட்டும் என்றால் இவ்வளவு போயிருக்காது என்றார். கலரில் இருக்கும் புளிப்பு எனாமலின் மேல்பரப்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து அதை மெத்தென்று ஆக்கிவிடும். சும்மா விட்டால் எச்சில் மெல்ல மெல்ல அந்தச் சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு நேரம் வேண்டும். நானோ அந்த மெத்தென்ற பரப்பின் மேலேயே புழுதியை அரைத்தேன், கெட்டி பிரஷ்ஷால் தேய்த்தேன். வெயிலில் வாய் காய்ந்து கிடந்ததால் எச்சிலும் போதவில்லை. மிச்சத்தைத் தூக்கத்தில் கடித்தே முடித்துவிட்டேன்.

“மறுபடி வளருமுங்களா?” பூங்கொடி கேட்டாள்.

“வளராதுக்கா. எனாமலைக் கட்டுற செல்லுங்க, பல்லு ஈறை விட்டு வெளிய வர்றதோட முடிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் உடம்பால புதுசா செய்ய முடியாது. மேலாப்புல மெத்துன்னு ஆனதை எச்சில் கெட்டிப்படுத்தும். போனது போனதுதான்.”

தோலில் காயம் பட்டால் மூடுகிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. சத்தீஸ்கரில் ஒரு ராடு விழுந்து முறிந்த என் கை விரல்கூடக் கூடிவிட்டது. கூடாத ஒன்றையும் உடம்பில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் சோடா மூடி திறந்திருக்கிறேன்.

டாக்டர் மறுபடியும் கண்ணாடியை எடுத்தார். மேல் முன்பற்கள் இரண்டையும் காற்றடித்து உலர்த்தினார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

“ரெண்டு வயசு, மூணு வயசுல உங்களுக்குப் பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?”

“தெரியலீங்க. எதுக்குங்க?”

கையில் ஒரு கண்ணாடி கொடுத்துக் காட்டினார். இரண்டு பற்களிலும் ஒரே உயரத்தில், குறுக்கே ஒரு மெல்லிய பள்ளக் கோடு. நகத்தில் விழும் வரி போல. தினமும் கண்ணாடியில் பார்த்தும் நான் கவனித்ததே இல்லை.

முன்பல் ஆறேழு வயதில்தான் முளைக்கிறது. ஆனால் அது ஈறுக்குள்ளே, குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே உருவாக ஆரம்பித்துவிடுகிறதாம். முதலில் நுனி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஈறை நோக்கி மேலே. நடுவில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சலோ, பட்டினியோ வந்தால் அந்த நாட்களில் எனாமல் சரியாகப் படியாமல் ஒரு கோடு விழுந்துவிடும். பிறகு மாறவே மாறாது.

“இதுதான்னு தேதி போட்டுச் சொல்ல முடியாது. தோராயமா ரெண்டரை வயசு இருக்கலாம். அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.”

“அம்மா இல்லீங்க. நான் குழந்தையா இருக்கறப்பவே போயிட்டாங்க.”

டாக்டர் வைத்திய முறையைச் சொன்னார். முதல் நான்கு மாதம் தேய்மானத்தை நிறுத்த வேண்டும். கலர் கூடாது. புளிப்புத் தின்றால் வாய் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் பிரஷ் தொடக் கூடாது. மெல்லிய பிரஷ். கெட்டிப்படுத்துவதற்கு ஃபுளோரைடு பூச்சு (எனாமலில் சேர்ந்து புளிப்புக்கு எளிதில் கரையாமல் காக்கும் மருந்து). தூங்கும்போது பற்களுக்கு நடுவே போட ஒரு பிளாஸ்டிக் உறை. அதன் பிறகு கேப் (பல்லைச் சுற்றிலும் ராவி மேலே மாட்டும் தொப்பி). அதுதான் நீண்ட நாள் நிற்கும் என்றார். பூங்கொடி சரி என்றாள். நானும் சரி என்றேன்.

எனக்கு அம்மாவின் முகம் தெரியாது. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பா அவரைப் பற்றிப் பேசியதில்லை. அப்பாவும் நான் ரிக் வண்டி ஏறிய வருடமே போய்விட்டார். என்னை வளர்த்தது பாவாயி அக்கா. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலைக்கு உள்ளே கொஞ்ச தூரத்தில் இருக்கிறாள். அடுத்த வாரமே போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சின்னதுல எனக்குப் பெரிய காச்சல் ஏதாச்சும் வந்துச்சா?”

அரிவாளைக் கீழே வைத்தாள். “இப்ப எதுக்கு சாமி அது?”

பல்லைப் பற்றிச் சொன்னேன். கோட்டைப் பற்றியும் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மாளுக்கு மஞ்சக்காமால வந்தப்ப உனக்கு ரெண்டு முடிஞ்சு மூணு நடந்துட்டு இருந்துச்சு. மாசில போயிட்டா. பங்குனில உனக்கு மணல்வாரி அம்ம போட்டிருச்சு. ஒடம்பு பூராம் செவசெவன்னு. காச்சல்னா காச்சல், கையே வெக்க முடியாது. அது எறங்குனதுக்கு அப்பறமும் நீ சோறு திங்கல. ஒரு மாசம். வாயவே தொறக்க மாட்ட. பல்ல இறுக்கிக் கடிச்சுட்டுச் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவ. நான் கரண்டில கஞ்சிய வெச்சுட்டு, எப்பத் தொறப்பயோன்னு ஒக்காந்திருப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் போவணும்னு நெனப்பு இருக்கும். அப்பறம் அந்த நெனப்பும் போயிருச்சு.”

எட்டாம் வகுப்போடு அக்கா ஏன் நின்றாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டு வேலைக்காக என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அதுக்கு முன்னாடி நான் எப்புடிக்கா இருந்தேன்?”

“அதுக்கு முன்னாடியா?” அக்கா சிரித்தாள். “கொள்ளிவாயன் நீ. எவ்வளவு ஊட்டுனாலும் பத்தாது. அம்மா ராகிக் களிய எரும மோர்ல கரைச்சு ஊட்டுவா. கிண்ணத்த வழிச்சதுக்கு அப்பறம் அவ வெரலக் கடிப்ப. கத்துவா, நீ சிரிப்ப. திரும்ப வெரலக் குடுப்பா. வேணும்னேதான் குடுப்பா. எனக்கு எரிச்சலா இருக்கும், எனக்கு இப்படியெல்லாம் ஊட்டுனாளோ என்னமோன்னு.”

“இதையெல்லாம் ஏங்க்கா சொல்லல?”

“நீயாக் கேப்பன்னு இருந்தேன். நீ வாரதும் வண்டி ஏறறதுமா இருந்த.”

பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். என்னை வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய்த் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். நாற்பத்தாறு வயதுக்காரன் வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். வரியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஆமா, ஓடுது ஒரு வரி. இதுக்குக் கீழ இருக்கறது என்ன?”

“கோட்டுக்கு முன்னாடி ஆனதுக்கா. நுனிதான் மொதல்ல ஆவுமாம்.”

“அப்ப அம்மா இருந்தப்ப ஆனது.”

“தோராயமா அப்படித்தான் சொல்றாங்க.”

தேய்ந்தது போக, கோட்டுக்குக் கீழே ஒரு நெல்லின் பருமன்தான் மிச்சம் இருந்தது. அக்கா சுட்டுவிரலால் அதைத் தொட்டாள். கூசியது. நான் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

“கேப்பு போடறதுன்னா இத என்ன பண்ணுவாங்க?”

“சுத்தி ராவி எடுத்துருவாங்க.”

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். மாட்டுப் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். “அத ராவாம எதாச்சும் வழி இருக்குதான்னு கேளு சாமி.”

அந்த நான்கு மாதத்தையும் ஒழுங்காகக் கடந்தேன். கலரை விடுவது பீடியை விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிளாஸ்டிக் உறை முதல் வாரம் வாயில் செருப்பை வைத்தது போல இருந்தது. பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. மாதம் ஒருமுறை சேலம் போய் வந்தேன். மூன்றாவது மாதத்தில் பல் மீது இருந்த சுண்ணாம்பு போன்ற மங்கல் குறைந்து கொஞ்சம் பளபளப்பு ஏறியிருந்தது. சுரீரென்று ஏறுவதும் பாதியாகக் குறைந்தது. எச்சில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். எச்சிலைத் துப்புவதற்கு மட்டுமே பயன்படுத்தியவன் நான்.

கேப்புக்கு அளவெடுக்கும் நாளில், பல்லை ராவாமல் வழி இருக்கிறதா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். இத்தனை வயதான ஒரு ஆள் பல்லில் இருக்கும் கோட்டுக்காகக் கெஞ்சுகிறானே என்று அவர் நினைப்பாரோ என்று இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வழி இருக்கு. ரெசின் (பல் நிறத்தில் இருக்கும் பசை, நீல ஒளி பட்டால் இறுகிவிடும்) வச்சு, தேய்ஞ்ச இடத்துல மேலேயே கட்டிடலாம். இருக்கிற எனாமலைத் தொட வேண்டாம். சொல்லப்போனா, எனாமல் மிச்சம் இருக்கிற இடத்துலதான் ரெசின் நல்லாப் பிடிக்கும். ஆனா கேப் அளவுக்கு உழைக்காது. நடுநடுவுல உடையும், நிறம் மாறும், வந்து வந்து சரி பண்ணிக்கணும். ஒரு நாள் அது போதலைன்னா அப்போ கேப் போட்டுக்கலாம். ராவிட்டா திரும்ப வர முடியாது.”

பூங்கொடிக்கு இது பிடிக்கவில்லை. நடையில் வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

“ஒடையும்னு டாக்டரே சொல்றாங்க. அப்பறம் எதுக்குங்க அது? நீங்க மறுபடி நல்லாச் சாப்புடணும்னுதான நான் அலையறேன்?”

அக்கா சொன்னதை அவளிடம் அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணல்வாரி, கரண்டியில் கஞ்சி, மோரில் கரைத்த களி, விரல். விசில் அடிக்கும் பல்லோடு நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். பூங்கொடி முந்தானை நுனியை முறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்டச் சொல்லியிருந்தா நானா வேண்டாங்கப் போறேன்?” என்றாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் தட்டி, “டாக்டருங்க, அந்த ஒட்ற வேலையே பண்ணிருங்க,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பல்லின் பழைய உருவம் தெரிய, சிரித்தபடி இருக்கும் ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். கல்யாண ஆல்பத்தில் எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு டைரிக்குள் கிடைத்தது. ராய்ப்பூர் பக்கம் ஒரு காட்டில் தண்ணீர் பீய்ச்சியடித்த நாள். எட்டுப் பேரும் நனைந்து நிற்கிறோம். முகமெல்லாம் வெள்ளைச் சேறு. நான் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பற்கள் நீளமாக, நேராக, முழுசாக இருக்கின்றன. அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. மற்றவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது. சமையல் செய்த ஆள் வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் போட்டோவைப் பார்த்ததும் மூக்கில் ஏறியது. என்னைக் கெடுத்த இடமும் அதுதான், நான் அவ்வளவு சிரித்த இடமும் அதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கட்டும் வேலைக்கு முதலில் பல்லில் நீல நிறத்தில் ஒரு மருந்தைத் தடவினார்கள். என்ன என்று கேட்டேன். அமிலம் என்றார் டாக்டர். நான் நிமிர்ந்துவிட்டேன்.

“பயப்படாதீங்கண்ணா. அரை நிமிஷம்தான். எனாமல்ல கண்ணுக்குத் தெரியாத குழி விழும். அந்தக் குழியிலதான் ரெசின் போய்ப் பிடிக்கணும்.”

அரை நிமிடத்தை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். கழுவினார்கள், உலர்த்தினார்கள். பிறகு ஒரு சிறிய கரண்டியால் ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கைக் காட்டினார்கள். போட்டோவை எதிரே கிளிப்பில் மாட்டியிருந்தார் டாக்டர். அதைப் பார்ப்பார், வைப்பார், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார். ஆறு பற்களுக்கு இரண்டு நாள் ஆனது.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். போட்டோவில் இருந்த பற்கள் அல்ல. அவற்றின் சாயல் இருந்தது. கோடு ரெசினுக்கு அடியில் மறைந்துவிட்டது. கேட்காமலே டாக்டர் சொன்னார். “உள்ள அப்படியே இருக்கு. தொடலை.”

முதல் சில நாள் நாக்கு முட்டிக்கொண்டது. வாய் வேறொருவருடையது போல இருந்தது. நாற்பது நாள் கழித்துப் பூங்கொடி சுட்ட சோளக்கருதை விரலால் உதிர்க்காமல் கடித்தேன். ஏழாம் மாதத்தில் இடதுபக்க முன்பல்லின் ரெசின் ஒரு மூலையில் உடைந்தது. தட்டுவடையை யோசிக்காமல் கடித்ததுதான் காரணம். பஸ் ஏறி உட்கார்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் அரைமணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். “இப்படித்தான் வரும், வாங்க, பார்த்துக்கலாம்,” என்றார். நோய் என்றால் ஒன்று குணமாக வேண்டும், இல்லையென்றால் முற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்வது என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் இதே தொல்லை என்றால், இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உடைந்ததைக் கண்டு சோர்ந்துபோய் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

இப்போது திருச்செங்கோட்டில் ரிக் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வடக்கே போகிற வண்டிக்காரர்கள் வந்தால் முகக்கவசம் போடச் சொல்கிறேன், கலருக்குப் பதிலாகத் தண்ணீர் எடுத்துப் போகச் சொல்கிறேன். பாதிப்பேர் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருப்பேன்.

மாதம் ஒருமுறை புதுச்சத்திரத்தில் இறங்கிவிடுகிறேன். அக்காவுக்கு நினைவு வரும்போதெல்லாம் ஏதாவது சொல்கிறாள். அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். பாட்டு வராது, ஆனால் சும்மா இருக்க மாட்டாளாம், ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாளாம். சில நாள் சொன்னதையே மறுபடியும் சொல்கிறாள். நான் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் வருடாந்திரச் சோதனைக்குப் போனோம். டாக்டர் பல்லைப் படம் எடுத்து, போன வருடம் எடுத்த படத்தோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிதாக்கி ஒவ்வொரு பல்லாக ஒப்பிட்டுக்கொண்டே போனார்.  இருபத்திரண்டு வருடம் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அடி இறங்கினோம் என்று பார்த்தே வாழ்ந்தவன் நான். வேலை நின்றால் நாள் வீண். அன்று, ஒரு வருடத்தில் எதுவும் நகர்ந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ரெண்டும் ஒண்ணாவே இருக்கு. துளிகூடத் தேயலை,” என்றார்.

“இன்னொருக்காப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் மறுபடியும் பெரிதாக்கிக் காட்டினார்.

நடையில் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் ஆவலையாம். ஒரு வருசமா ஒண்ணுமே ஆவலையாம்.”

“அதுக்கா இத்தனை சிரிப்பு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.